வாசகர் கேள்வி–பதில்: லூப் ஜம்ப்பும் பெர்லின் ரிட்பெர்கரும்

சென்ற இதழில் ஐஸ் ஸ்கேட்டிங் பற்றி வந்த சிறு குறிப்பைப் படித்துவிட்டுப் பலர் எழுதியிருந்தார்கள். அவற்றில் ஒன்றோடொன்று தொடர்புள்ள கேள்விகளை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: வணக்கம். என் மகளுக்கு 10 வயது. பேரங்காடித் தளத்தில் ஒன்றரை வருடமாக ஸ்கேட்டிங் கற்கிறாள். போன வாரம் கைப்பேசியில் ரஷ்யப் போட்டி ஒன்றைப் பார்த்தோம். வருணனையாளர் நிமிடத்துக்கு ஒரு தரம் 'ரிட்பெர்கர்' என்றார். போட்டியாளர் பட்டியலில் அப்படி யாருமே இல்லை. யார் இவர்?
— வாசகி, பிரிக்பீல்ட்ஸ்

பதில்: பட்டியலில் தேடினால் கிடைக்க மாட்டார், அம்மா. அவர் 1975-இலேயே காலமாகிவிட்டார். உங்கள் மகளுக்குப் பயிற்சியாளர் 'லூப்' என்று சொல்லித்தரும் குதிப்புக்கு ரஷ்யர்கள், ஜெர்மானியர்கள், போலந்துக்காரர்கள், செக் நாட்டவர் எல்லாரும் வைத்திருக்கும் பெயர்தான் 'ரிட்பெர்கர்'. ஆங்கிலம் வழியாகக் கற்கும் நமக்கு 'லூப்' மட்டுமே வந்து சேர்ந்தது. குதிப்பு ஒன்றுதான், எடுக்கும் விதத்திலும் எந்த மாற்றமும் இல்லை.

வெர்னர் ரிட்பெர்கர் 1891 ஜூலை 13 அன்று பெர்லினை ஒட்டிய போட்ஸ்டாமில் பிறந்தார். 1893-இல் தொடங்கப்பட்ட பெர்லின் ஸ்கேட்டிங் கிளப்பின் சார்பில் போட்டியிட்டார். பெர்லினில் 1908-இலேயே லூத்தர் தெருவில் செயற்கைப் பனித்தளத்தோடு ஓர் ஐஸ் மாளிகை திறந்துவிட்டார்கள். குளமும் ஏரியும் உறைவதற்காகக் காத்திருக்காமல் பயிற்சி செய்ய ஒரு தலைமுறைக்கு அப்போது வழி பிறந்தது. 1910-இல், வயது இருபதைத் தொடும் முன்னரே, ரிட்பெர்கர் இந்தக் குதிப்பைச் செய்து காட்டினார்.

அது எங்கிருந்து வந்தது என்று புரிந்துகொள்ள, அந்தக் காலப் போட்டி எப்படி நடந்தது என்று தெரிய வேண்டும். இன்று நாம் பார்க்கும் இசையும் குதிப்பும் அன்று போட்டியின் ஒரு பகுதிதான். மதிப்பெண்ணில் பெரும்பங்கு 'கட்டாய உருவங்கள்' என்ற பகுதிக்குப் போனது. ஒற்றைக் காலில் நின்று, பிளேடின் ஓர் ஓரத்தால் பனியில் வட்டமும் எட்டும் வரைய வேண்டும். வரைந்த கோட்டின் மேலேயே மறுபடியும் போய், ஒவ்வொரு காலிலும் மூன்று முறை வரைய வேண்டும். நடுவர்கள் குனிந்து கோட்டைப் பார்ப்பார்கள். சிக்குக் கோலத்தில் ஓர் இழை விலகினாலும் கண்ணுக்குத் தெரிவதுபோல், பனியிலும் தெரிந்துவிடும். அந்த உருவங்களில் ஒன்றின் பெயர் 'லூப்'. ஸ்கேட்டரின் உயரத்தளவு விட்டமுள்ள வட்டத்துக்குள், ஓரத்தை மாற்றாமல், பிள்ளையார் சுழி போல ஒரு சின்னச் சுழி போட்டு வெளியே வர வேண்டும்.

லூப் ஜம்ப் அந்தச் சுழியைக் காற்றில் போடுகிறது. வலது காலின் பின்-வெளி ஓரத்தில் (பின்னோக்கி வழுக்கும்போது பிளேடின் வெளிப்பக்க விளிம்பில்) கிளம்பி, ஒரு சுற்றுச் சுற்றி, அதே காலின் அதே ஓரத்தில் இறங்குகிறது. 'லூப்' என்ற பெயரும் பொருத்தமானதுதான். ஆனால் குதிப்பைக் கொண்டுவந்த மனிதரின் பெயரை ஒரு குழந்தையாவது தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்பது எங்கள் ஆசை. உங்கள் மகளிடம் சொல்லுங்கள்.

கேள்வி: ரிட்பெர்கர் என்று இணையத்தில் தேடினேன். உலகத் தங்கம் ஒன்றுகூட இல்லையே! ஒலிம்பிக் பதக்கமும் காணவில்லை. அப்படியானால் இவ்வளவு பெருமை எதற்கு?
— வாசகர், பட்டர்வொர்த்

பதில்: தங்கம் இல்லை என்பது உண்மை. 1910, 1911, 1912 என்று அடுத்தடுத்து மூன்று ஆண்டு உலகப் போட்டியில் வெள்ளி வாங்கினார். முதல் வெள்ளி வாங்கும்போது வயது 18. யாரிடம் தோற்றார் என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் கணக்கு சரியாகும்.

1910-இல் சுவிட்சர்லாந்தின் டாவோஸில் அவரை முந்தியவர் சுவீடனின் உல்ரிக் சல்கோ. உங்கள் ஊர்ப் பிள்ளைகள் கற்கும் 'சல்கோ' குதிப்பு அவர் பெயரில்தான் இருக்கிறது. 1911-இல் ஆண்கள் போட்டி பெர்லினிலேயே நடந்தது. சொந்த ஊர், சொந்த ரசிகர்கள், ஆனாலும் முதலிடம் சல்கோவுக்கே. அது சல்கோவின் பத்தாவது உலகப் பட்டம், கடைசிப் பட்டமும் அதுதான். 1912-இல் மான்செஸ்டருக்குச் சல்கோ வரவில்லை. அங்கே வியன்னாவின் ஃபிரிட்ஸ் காக்லர் முதலில் வந்தார், ரிட்பெர்கர் மறுபடியும் இரண்டாவது. சல்கோ வரிசையில் நின்ற வரைக்கும் மற்றவர்கள் பெரும்பாலும் இரண்டாமிடத்துக்குத்தான் போட்டியிட்டார்கள்.

ஒலிம்பிக் விஷயம் இன்னும் வருத்தமானது. 1908-இல் லண்டனில் ஸ்கேட்டிங் இருந்தது, அப்போது ரிட்பெர்கருக்கு வயது 17. 1912 ஸ்டாக்ஹோமில் ஸ்கேட்டிங்கே சேர்க்கப்படவில்லை. அவர் உச்சத்தில் இருந்த நேரம் அது. 1916 ஒலிம்பிக் அவருடைய பெர்லினில் நடப்பதாக இருந்தது, போரால் ரத்தானது. 1920-இலும் 1924-இலும் ஜெர்மனியை அழைக்கவில்லை. உலகப் போட்டியும் 1915 முதல் 1921 வரை நடக்கவில்லை. 24 வயதில் தொடங்கி 30 வரை ஒரு ஸ்கேட்டரின் நல்ல வயது எப்படிப் போயிற்று என்று விரல்விட்டு எண்ணிப் பாருங்கள்.

அவர் பனியை விட்டு விலகிவிடவில்லை என்பதுதான் எங்களுக்கு முக்கியமாகத் தெரிகிறது. ஜெர்மன் தேசியப் பட்டத்தை 11 முறை வென்றார். அதில் பாதிக்கு மேல் போர் முடிந்த பிறகு வந்தவை. பின்னர் பயிற்சியாளராகி மேற்கு ஜெர்மனியின் கிரெஃபெல்டில் வாழ்ந்தார், அங்கேயே காலமானார். அந்த ஊரில் ஒரு பனித்தளக் கட்டடம் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

தங்கம் வாங்கிய காக்லரின் பெயரில் ஒரு குதிப்பும் இல்லை. ரிட்பெர்கரின் பெயரைப் பாதி ஐரோப்பா தினமும் சொல்கிறது.

கேள்வி: ரிட்பெர்கர் எத்தனை சுற்றுச் சுற்றினார்? இன்று நான்கு சுற்றுகிறார்களாமே?
— மாணவர், செந்தூல்

பதில்: ஒரு சுற்று. அன்றைய பிளேடுக்கும் பூட்ஸுக்கும் அதுவே பெரிய காரியம். மூன்று சுற்று லூப்பை முதலில் செய்தவர் அமெரிக்காவின் டிக் பட்டன், 1952 ஒஸ்லோ ஒலிம்பிக்கில். போட்டியில் எந்த வகையிலும் செய்யப்பட்ட முதல் மூன்று சுற்றுக் குதிப்பு அதுவே. நான்கு சுற்று லூப்பைப் போட்டியில் முதலில் செய்தவர் ஜப்பானின் யுசுரு ஹன்யு, 2016-இல்.

கேள்வி: என் மகன் வால்ட்ஸ், சல்கோ, டோ லூப் என்ற மூன்று குதிப்பும் ஓரளவு செய்கிறான். லூப் மட்டும் நான்கு மாதமாக வரவில்லை. குதிக்கிறான், பாதி சுற்றியதும் இடது பக்கம் விழுகிறான். என்ன தவறு? வீட்டில் ஏதாவது செய்ய முடியுமா?
— தந்தை, கிள்ளான்

பதில்: ஐயா, நான்கு மாதம் என்பது நீண்ட காலம் கிடையாது. லூப் பலருக்கு இந்த இடத்தில்தான் முரண்டு பிடிக்கும், அதற்குக் காரணமும் இருக்கிறது. வால்ட்ஸிலும் சல்கோவிலும் மறு காலை வீசி உயரம் வாங்கலாம். டோ லூப்பில் இடது பிளேடின் முன்பல்லைப் பனியில் குத்தி ஏறலாம். லூப்பில் இந்த இரண்டு உதவியும் கிடையாது. வலது முழங்கால், வலது ஓரம், அவ்வளவுதான்.

நாங்கள் சொல்வது இடஞ்சுழியாகச் சுற்றுபவர்களுக்கு. உங்கள் மகன் வலஞ்சுழிக்காரர் என்றால் இடம் வலம் மாற்றிப் படியுங்கள்.

முதலில் நிற்கும் நிலை. பின்னோக்கி, இடஞ்சுழி வட்டத்தில், இரண்டு காலும் பனியில் இருக்க வழுக்கி வர வேண்டும். வலது கால் வெளி ஓரத்தில், இடது கால் அதற்குச் சற்று முன்னால் குறுக்காக. நாற்காலியில் உட்காரப் போவதுபோல் முழங்கால் இரண்டும் மடங்க வேண்டும், முதுகு மட்டும் நிமிர்ந்திருக்க வேண்டும். இடது கை முன்னால், வலது கை பின்னால். எடை முழுவதும் வலது இடுப்புக்கு நேர் கீழே இருக்கிறதா என்று சோதிக்க, இடது காலைப் பனியிலிருந்து ஓர் அங்குலம் தூக்கச் சொல்லுங்கள். தூக்கியதும் தடுமாறினால் எடை இன்னும் நடுவில்தான் இருக்கிறது. அந்த நிலையில் குதித்தால் இடது பக்கம் விழாமல் வேறு எங்கே விழுவான்?

அடுத்தது கிளம்புவது. வலது ஓரம் தானாக உள்ளே சுருளத் தொடங்கும். அந்தச் சுருள் இறுகும் கணத்தில் முழங்காலை நீட்டி, பிளேடின் முன்பக்கம் வரை உருண்டு, நேர் மேலே எழ வேண்டும். இடது கால் எங்கும் போகக்கூடாது. முன்னால் குறுக்காக இருந்தது இருந்தபடியே மேலே வர வேண்டும். காற்றில் கை இரண்டும் நெஞ்சோடு. இறங்கும்போது வலது முழங்கால் மடங்க, இடது கால் முன்னாலிருந்து பின்னால் திறக்கும், கைகள் விரியும்.

இப்போது தவறுகள். உங்கள் மகன் பாதியில் இடது பக்கம் விழுவதற்கு நாங்கள் முதலில் சந்தேகப்படுவது சல்கோ பழக்கத்தை. சல்கோவில் மறு காலை வீசிப் பழகியவன் லூப்பிலும் இடது காலைத் திறந்து வீசுவான். கால் திறந்தால் சுற்றும் அச்சு வலது பக்கத்திலிருந்து நழுவி, உடல் இடது பக்கம் சாயும். அடுத்த சந்தேகம் தோள். பையன்கள் சுற்ற வேண்டும் என்ற அவசரத்தில் முழங்கால் நீளும் முன்பே தோளைத் திருப்பிவிடுவார்கள். தோள் திரும்பினால் பிளேடு ஓரத்தை விட்டுவிட்டு உரசும், உயரமே கிடைக்காது. மூன்றாவது இடுப்பு: பின்பக்கத்தைத் தள்ளி, இடுப்பில் மடங்கிக் குதித்தால் எடை குதிகாலுக்குப் போய் கால் வழுக்கிவிடும்.

இதில் எது என்று ஊகிக்க வேண்டியதில்லை, பனியே சொல்லும். தளத்தை இயந்திரம் துடைத்துவிட்டுப் போன உடனே, யாரும் ஓடாத ஓரத்தில் ஒரே ஒரு லூப் குதிக்கச் சொல்லுங்கள். பிறகு அந்த இடத்துக்குப் போய்க் குனிந்து பாருங்கள். நல்ல லூப்பின் தடம் மெல்லிய ஒற்றைக் கோடாக வந்து, கடைசியில் தூண்டில் முள் போல உள்ளே வளைந்து முடியும். கடைசிவரை இரட்டைக் கோடு இருந்தால் இரண்டு காலாலும் தள்ளியிருக்கிறான். வளைவு இருக்கும் இடத்தில் விரல் அகலத்துக்கு வெள்ளைத் தூள் பரவியிருந்தால் தோள் முந்திவிட்டது. கோடு வளையாமல் நேராக முடிந்தால் ஓரமே பிடிக்கவில்லை, வேகமாக ஓடி வந்து பயத்தில் குதித்திருக்கிறான். மெதுவாக வரச் சொல்லுங்கள். ரிட்பெர்கர் காலத்து நடுவர்கள் உருவங்களைப் பார்த்ததும் இப்படிக் குனிந்துதான். கட்டாய உருவங்கள் 1990-க்குப் பிறகு உலகப் போட்டியிலிருந்து போய்விட்டன, அது பெரிய இழப்பு என்றே நாங்கள் நினைக்கிறோம். வாரத்தில் 10 நிமிடம் வலது பின்-வெளி ஓரத்தில் வட்டம் மட்டும் வரைந்தால் லூப் பாதி வந்துவிடும்.

ஒரு முன்தேவையைச் சொல்ல மறக்கக்கூடாது. வலது காலின் பின்-வெளி ஓரச் சுழற்சி, தளத்தில் 'பேக் ஸ்பின்' என்பார்களே, அது மூன்று சுற்றாவது நிலையாக வருகிறதா? காற்றில் லூப்பின் நிலை அதேதான். அது வராமல் லூப்பை வற்புறுத்த வேண்டாம்.

வீட்டில்: விளையாட்டுக் காலணி போட்டுக்கொண்டு, வழுக்காத தரையில் சாக்பீஸால் ஒரு கூட்டல் குறி போடுங்கள். அதன் நடுவில் வலது காலில் நின்று, இடது காலை முன்னால் குறுக்காக வைத்து, ஒரு முழுச் சுற்றுச் சுற்றி அதே நடுவில் இறங்க வேண்டும். கூட்டல் குறியின் எந்தக் கட்டத்தில் இறங்குகிறான் என்று பாருங்கள். எப்போதும் இடது பக்கமே இறங்கினால் பனியில் நடப்பது தரையிலும் நடக்கிறது. ஐந்து குதிப்பு, இளைப்பாறல், மறுபடி ஐந்து. அதற்கு மேல் வேண்டாம், சிமெண்டுத் தரை முழங்காலுக்கு நல்லதல்ல. ஈரமான மொசைக் தரையில் கூடவே கூடாது.

கேள்வி: தொலைக்காட்சியில் லூப்பையும் டோ லூப்பையும் சல்கோவையும் எப்படிப் பிரித்தறிவது?
— வாசகி, ஈப்போ

பதில்: இடது காலை மட்டும் பாருங்கள். அது பின்னால் போய்ப் பனியைக் குத்தினால் டோ லூப். இடது காலிலேயே கிளம்பி வலது கால் சுற்றி வீசினால் சல்கோ. இடது கால் சும்மா முன்னால் தொங்கிக்கொண்டிருக்க, உட்கார்ந்தவர் எழுந்ததுபோல் மேலே போனால் லூப். இன்னொன்று: ஜெர்மன் வருணனையில் லூப்தான் 'ரிட்பெர்கர்'. டோ லூப் அங்கேயும் டோ லூப்தான், குழம்ப வேண்டாம்.

கேள்வி: அந்தக் காலத்தில் ஜெர்மனியில் பெண்கள் ஸ்கேட்டிங் செய்தார்களா?
— ஆசிரியை, சுங்கைப்பட்டாணி

பதில்: செய்தார்கள், ஒலிம்பிக் பதக்கமும் கொண்டுவந்தார்கள். 1908 அக்டோபரில் லண்டன் நைட்ஸ்பிரிட்ஜில் இருந்த பிரின்ஸஸ் கிளப்பின் செயற்கைப் பனியில் ஒலிம்பிக் ஸ்கேட்டிங் நடந்தது. பெண்கள் பிரிவில் ஐந்தே பேர். இங்கிலாந்தின் மேட்ஜ் சையர்ஸ் தங்கம் வாங்க, பெர்லினின் எல்சா ரெண்ட்ஷ்மிட் வெள்ளி வாங்கினார். அப்போது வயது 22. அவர் 1911-இல் ஜெர்மனியின் முதல் பெண்கள் சாம்பியனும் ஆனார். அதாவது ஒலிம்பிக் பதக்கம் வாங்கிய பெண்ணுக்கு, உள்நாட்டில் போட்டி என்று ஒன்று மூன்று வருடம் கழித்துத்தான் வந்தது.

அதே 1908-இல் ஜோடிப் பிரிவில் மியூனிக்கின் அன்னா ஹியூப்லரும் ஹைன்ரிஷ் பூர்கரும் தங்கம் வாங்கினார்கள். போட்டியிட்டவை மூன்று ஜோடி, மற்ற இரண்டும் ஆங்கிலேயர். இந்த இருவர் 1908-இலும் 1910-இலும் உலகப் பட்டமும் வென்றவர்கள்.

பெர்லினின் சார்லட் ஓல்ஷ்லேகல் வேறு வழியில் போனார். மேடைக்கு வந்து, 1915-இல் நியூயார்க்கின் ஹிப்போட்ரோம் அரங்கில் பனி நிகழ்ச்சி நடத்தி அமெரிக்காவையே ஸ்கேட்டிங் பக்கம் திருப்பினார். ஒற்றைக் காலில் நின்று, தலை முழங்காலுக்குக் கீழே தொங்க, மறு கால் வானத்தைப் பார்க்க வழுக்கும் அசைவுக்கு 'சார்லட்' என்றே பெயர்.

கேள்வி: வாடகை ஸ்கேட்ஸிலேயே லூப் கற்கலாமா? சொந்தமாக வாங்கினால் நம் ஊர் ஈரத்தில் பிளேடு துருப்பிடிக்கிறதாமே?
— வாசகர், பினாங்கு

பதில்: வாடகை ஸ்கேட்ஸில் வட்டம் பழகலாம், லூப் வேண்டாம். லூப் முழுக்க வெளி ஓரத்தை நம்பியது, வாடகை பிளேடில் அந்த ஓரம் பெரும்பாலும் மழுங்கியிருக்கும். சோதிப்பது எளிது. நகத்தைக் குறுக்காக ஓரத்தின் மேல் மெதுவாக இழுங்கள். நகத்தில் மெல்லிய சீவல் வந்தால் கூர்மை இருக்கிறது, வழுக்கிப் போனால் இல்லை. பிறகு ஸ்கேட்டைத் தலைகீழாகப் பிடித்து, பிளேடின் குறுக்கே ஒரு சிறிய அளவுகோலை வையுங்கள். அது ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் ஓரம் இரண்டும் சமமாகத் தீட்டப்படவில்லை. அந்தக் காலில் பிள்ளை எவ்வளவு முயன்றாலும் ஒரு பக்கம் வழுக்கும், நாம் பிள்ளையைத் திட்டிக்கொண்டிருப்போம்.

சொந்தமாக வாங்கும்போது 'பிள்ளை வளர்கிறானே' என்று இரண்டு அளவு பெரிதாக வாங்காதீர்கள். முழங்காலை மடக்கும்போது குதிகால் பூட்ஸுக்குள் எழும்பக்கூடாது. கயிற்றை விரல் பக்கம் சற்றுத் தளர்வாகவும், கணுக்கால் வளையும் இடத்தில் இறுக்கமாகவும், மேல் கொக்கிகளில் முழங்கால் மடங்கும் அளவுக்கும் கட்ட வேண்டும். மேலே இறுக்கிவிட்டால் முழங்கால் மடங்காது, மடங்காவிட்டால் லூப் இல்லை. மிகக் கடினமான பூட்ஸ் சிறு பிள்ளைகளுக்கு இதே தொல்லையைத் தரும்.

பிளேடின் அடியில் ஒரு குழிவு இருக்கும். தொடக்கநிலைக்கு அரை அங்குல ஆரக் குழிவு பொதுவானது. 20 முதல் 30 மணி நேர ஓட்டத்துக்கு ஒரு முறை தீட்டினால் போதும். தீட்டிய மறுநாளே குதிப்புப் பயிற்சி வைக்காதீர்கள், புது ஓரம் பனியைக் கடித்துப் பிடிக்கும். முதல் வகுப்பில் வட்டங்கள் மட்டும் போகட்டும்.

துருதான் நம் நாட்டில் பெரிய எதிரி. குளிர்ந்த பிளேடை வெளியே கொண்டுவந்ததும், ஐஸ் காப்பிக் கண்ணாடிக் குவளை வியர்ப்பதுபோல் அது வியர்க்கும். தளத்தில் துடைத்ததோடு விட்டுவிடாமல், வீட்டுக்கு வந்ததும் இரண்டாம் முறை துணியால் துடையுங்கள். திருகாணிகள் இருக்கும் பள்ளத்தையும் சேர்த்து. நடப்பதற்குப் போடும் கடின பிளாஸ்டிக் உறையோடு பையில் வைக்கக் கூடாது, அதற்குள் நீர் தேங்கும். துணி உறை போட்டு, பையைத் திறந்தே வையுங்கள். பூட்ஸின் உள்தகட்டைக் கழற்றி மின்விசிறிக்கு முன் காயவிடுங்கள், வெயிலில் வைத்தால் தோல் வெடிக்கும்.

இந்த ஈரத்தில் வளர்ந்த பிள்ளைகளும் எங்கும் போகலாம். பேரங்காடித் தளங்களில் வளர்ந்த நம் மலேசிய ஸ்கேட்டர் ஜூலியன் யீ 2018-இல் பியோங்சாங் குளிர்கால ஒலிம்பிக் வரை போனார்.